தோல் புற்றுநோய்: வெயில் மட்டும்தான் காரணமா?

கோடை வந்துவிட்டால் போதும், பத்திரிகைகளின் இணைப்பிதழ்களிலும் இணையத்திலும் ஒரே மாதிரியான கட்டுரைகள் வரத் தொடங்கிவிடும். வெயிலில் அலையாதீர்கள், சன்ஸ்கிரீன் தடவுங்கள், இல்லாவிட்டால் தோல் புற்றுநோய் வரும் என்பதுதான் அவற்றின் சாரம். இவற்றில் பல, ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் வெள்ளைத் தோல் கொண்ட மக்களுக்காகச் சொல்லப்பட்ட அறிவுரைகளின் தமிழாக்கம். அங்கே அது சரிதான். ஆனால் அதையே பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயக் காட்டில் களை எடுக்கும் ஒரு பெண்ணிடமோ, அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்க்கும் ஒருவரிடமோ கொடுத்தால் என்ன ஆகும்?

இரண்டு தீமைகள் நடக்கும். முதலாவது, தேவையில்லாத பயம். காலை முதல் மாலை வரை வெயிலில் நிற்பதுதான் அவர்களுடைய பிழைப்பு. அதை விட்டுவிட்டு நிழலில் உட்கார முடியாது. இரண்டாவது, அதைவிட மோசமானது. இந்த மண்ணில் தோல் புற்றுநோய் எங்கெல்லாம் ஒளிந்திருக்குமோ அந்த இடங்களை யாரும் பார்க்காமலே விட்டுவிடுவார்கள். பழைய தீக்காயத் தழும்பு, பாவாடை நாடா இறுகும் இடுப்பு, செருப்பில்லாமல் நடக்கும் உள்ளங்கால். இவற்றில் பாதிக்கு மேல் வெயிலே படாத இடங்கள்!

தோல் புற்றுநோயைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் முதலில் சொல்ல வேண்டியது சன்ஸ்கிரீன் அல்ல, "ஆறாத புண்ணை அலட்சியம் செய்யாதீர்கள்" என்பதுதான். அது ஏன் என்று பார்ப்போம்.

தோல் புற்றுநோய் என்றால் என்ன?

உடலின் மிகப் பெரிய உறுப்பு தோல். அதன் மேலடுக்கில் உள்ள செல்கள் ஓயாமல் பிறந்து, மேலே வந்து, உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. இந்த ஒழுங்கு கெட்டு, செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகினால் அது புற்றுநோய். எந்த வகைச் செல்லில் தொடங்குகிறது என்பதைப் பொறுத்து இதை முக்கியமாக மூன்றாகப் பிரிக்கிறார்கள்.

1. அடிச்செல் புற்றுநோய். மேலடுக்கின் அடியில் உள்ள செல்களில் தொடங்குவது. மூக்கின் ஓரம், கண் ஓரம், கன்னம் போன்ற இடங்களில் பளபளப்பான சிறு கட்டியாகவோ, நடுவில் குழிந்த புண்ணாகவோ வரும். இந்தியர்களுக்கு இது கறுப்பாகவே இருப்பதால் மச்சம் என்று நினைத்துவிடுவார்கள். உடலின் வேறு பாகங்களுக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் விட்டுவிட்டால் இருக்கும் இடத்தையே அரித்துத் தின்னும்.

2. செதிள் செல் புற்றுநோய். மேலடுக்கின் தட்டையான செல்களில் தொடங்குவது. கரடுமுரடான தடிப்பாகவோ, ஓரம் தடித்த ஆறாத புண்ணாகவோ வரும். நெறி கட்டும் இடங்களுக்குப் பரவக்கூடியது.

3. மெலனோமா. தோலுக்கு நிறம் தரும் செல்களில் தொடங்குவது. மூன்றிலும் எண்ணிக்கையில் குறைவு, ஆபத்தில் அதிகம். நுரையீரல், கல்லீரல், மூளை வரை போய்விடும்.

இந்தியாவில் காணப்படும் எல்லாப் புற்றுநோய்களிலும் தோல் புற்றுநோயின் பங்கு நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கும் கீழே என்றுதான் பொதுவாகச் சொல்லப்படுகிறது. அரிதான நோய்தான். ஆனால் மற்ற புற்றுநோய்களுக்கு இல்லாத ஒரு வசதி இதற்கு உண்டு. கண்ணுக்குத் தெரியும். குடலிலோ கணையத்திலோ வருவதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டும். இதைக் கண்டுபிடிக்க ஒரு ஜோடிக் கண்ணும் கொஞ்சம் அக்கறையும் போதும். கண்ணுக்கு முன்னால் இருக்கும் ஒரு நோய் முற்றிய பிறகுதான் மருத்துவமனைக்கு வருகிறது என்றால், அங்கே தோற்றுப் போவது அறிவியல் அல்ல, விழிப்புணர்வு.

கறுப்பு என்னும் குடை

சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்கள் தோல் செல்களின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துகின்றன. இந்தச் சேதம் வருடக் கணக்கில் சேர்ந்துகொண்டே போனால் புற்றுநோய் தோன்றலாம். வெள்ளையர்கள் குடியேறிய ஆஸ்திரேலியாவில் மூன்று பேரில் இரண்டு பேருக்கு 70 வயதுக்குள் ஏதாவது ஒரு தோல் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. அதனால்தான் அங்கே 1981-லேயே சட்டை போடு, களிம்பு தடவு, தொப்பி வை என்று கற்பிக்கும் பிரச்சாரத்தைத் தொடங்கினார்கள்.

கறுத்த தோலில் மெலனின் என்னும் நிறமி அதிகம். அது செல்லின் உட்கருவுக்கு மேல் ஒரு குடை போல விரிந்து நின்று கதிர்களை உறிஞ்சிக்கொள்கிறது. மாநிறமும் கறுப்புமாக உள்ள தமிழ் உழவர்கள் தலைமுறை தலைமுறையாக வெயிலில் வேலை செய்தும் ஆஸ்திரேலியர்களைப் போல நோய்வாய்ப்படாததற்கு இதுதான் முக்கியக் காரணம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இயற்கை இலவசமாகக் கொடுத்த இந்தக் குடையை மடக்கி வைக்கத்தான் மக்கள் காசு செலவழிக்கிறார்கள். 1975-ல் இந்தியச் சந்தைக்கு வந்த ஒரு பிரபலமான சிவப்பழகு கிரீம் 2020-ல் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது. சிவப்பின் மீதான ஆசை மாறவில்லை. மருந்துக் கடைகளில் சீட்டில்லாமல் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீம்களை முகத்தில் மாதக் கணக்கில் தடவித் தோலை மெலிய வைத்துக்கொள்பவர்கள் ஏராளம். கறுப்பு ஒரு குறை அல்ல, ஒரு பாதுகாப்பு. இதைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தர வேண்டும்.

ஆனால் குடைக்குள் இருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. வெயிலைத் தடுக்கும் குடை, காயத்தைத் தடுக்காது.

ஆறாத தழும்பு

பிரான்ஸ் நாட்டு அறுவை மருத்துவர் ழான் நிக்கோலா மார்ஜோலின் 1828-ல் பழைய தழும்புகளில் தோன்றும் ஒருவகைப் புண்ணை விவரித்தார். அவர் பெயராலேயே அது "மார்ஜோலின் புண்" என்று அழைக்கப்படுகிறது. தீக்காயம் பட்ட இடத்திலோ, வருடக் கணக்கில் ஆறாமல் இருக்கும் புண்ணிலோ உருவாகும் புற்றுநோய் இது. பெரும்பாலும் செதிள் செல் வகை. தீக்காயத்துக்கும் புற்றுநோய்க்கும் இடையில் சராசரியாக 30 ஆண்டுகள்கூட இடைவெளி இருக்கும். பத்து வயதில் வெந்நீர் கொட்டிய காலில் நாற்பது வயதில் புற்றுநோய் வந்தால், இரண்டையும் யார் தொடர்புபடுத்திப் பார்ப்பார்கள்?

எல்லாத் தழும்பும் இப்படி ஆவதில்லை. மிகச் சிலவே ஆகின்றன. முழங்கால், முழங்கை போன்ற மூட்டுகளின் மேல் உள்ள தழும்பு, தோல் ஒட்டு வைக்காமல் தானாகச் சுருங்கி ஆறிய தழும்பு, நடக்கும்போதும் வேலை செய்யும்போதும் திரும்பத் திரும்ப வெடிக்கும் தழும்பு ஆகியவற்றுக்குத்தான் ஆபத்து அதிகம். தொழுநோயால் உணர்ச்சி இழந்த பாதங்களில் பல ஆண்டுகள் ஆறாமல் இருக்கும் புண்களுக்கும் இந்த ஆபத்து உண்டு.

இந்தியாவில் இப்படிப்பட்ட புற்றுநோய்களுக்கு ஒரு தனி வரலாறே இருக்கிறது. காஷ்மீரில் குளிருக்காக மக்கள் அங்கிக்குள் வைத்துக்கொள்ளும் காங்கிரி என்னும் கரிச்சட்டியின் சூடு, வயிற்றிலும் தொடையிலும் புற்றுநோயை உண்டாக்குவதை 19-ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். பம்பாயின் புகழ்பெற்ற நோய்க்குறியியல் அறிஞர் வி.ஆர். கனோல்கர் 1945-ல், பழக்கவழக்கங்களால் வரும் புற்றுநோய்களைப் பற்றி எழுதியபோது, வேட்டியை இடுப்பில் இறுக்கிக் கட்டுவதால் வரும் "வேட்டிப் புற்றுநோயை"யும் குறிப்பிட்டார்.

அதெல்லாம் பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2024-ல் மகாராஷ்டிராவிலும் பீகாரிலும் உள்ள மருத்துவர்கள் சேர்ந்து ஒரு மருத்துவ இதழில் இரண்டு கிராமத்துப் பெண்களைப் பற்றி எழுதினார்கள். ஒருவருக்கு வயது 70. புடவைக்குள் பாவாடையை இடுப்பில் இறுக்கிக் கட்டும் பழக்கம் உள்ளவர். இடுப்பின் பக்கவாட்டில் ஒன்றரை ஆண்டுகளாக ஆறாத புண். இன்னொருவர் அறுபதைத் தாண்டியவர். அவர் உள்பாவாடை இல்லாமல் புடவையையே இறுக்கிக் கட்டுபவர். இரண்டு ஆண்டுகளாகப் புண். இருவருக்கும் மார்ஜோலின் புண் என்று தெரிய வந்தது. இரண்டாமவருக்கு அதற்குள் தொடையிடுக்கு நெறிக்குப் பரவிவிட்டது.

இந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பெரம்பலூர், வேப்பந்தட்டை, குன்னம் பகுதிகளில் பருத்தி எடுக்கும் பெண்களை நினைத்துப் பாருங்கள். குனிந்து நிமிரும்போது நழுவக்கூடாது என்று பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டி, எடுத்த பருத்தியைப் போட மடியும் கட்டுவார்கள். வியர்வை, தூசி, உராய்வு. இடுப்பில் கறுத்துக் காய்த்துப் போன தடம் இல்லாத பெண்கள் குறைவு. அது எல்லாமே புற்றுநோய் ஆகப் போவதில்லை. ஆனால் அந்தத் தடத்தில் புண் வந்து, ஆறி, மறுபடி வந்தால் அதைக் காட்ட வேண்டும். நாடாவை அகலமாக வைத்துத் தைப்பது, வீட்டுக்கு வந்ததும் தளர்த்திக் கட்டுவது, புண் இருந்தால் ஆறும் வரை கட்டும் இடத்தை மாற்றுவது என்பதெல்லாம் காசில்லாமல் செய்யக்கூடியவை.

தீக்காயங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 அக்டோபர் 9 அன்று அரியலூர் மாவட்டம் விரகாலூரில் வெடி தயாரிக்கும் இடத்தில் நடந்த விபத்தில் பலர் உயிரிழந்தார்கள். இறந்தவர்களின் எண்ணிக்கை செய்தியானது; நிவாரணமும் அறிவிக்கப்பட்டது. இத்தகைய விபத்துகளில் காயத்தோடு பிழைப்பவர்களை அடுத்த வாரமே எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஸ்டவ் வெடித்தும், அடுப்பில் புடவை பற்றியும், வெந்நீர் கொட்டியும் தழும்போடு வாழ்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். "உயிர் பிழைத்ததே பெரிது" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட அவர்களிடம், "இந்தத் தழும்பு பின்னால் வெடித்துப் புண்ணாகி ஆறாவிட்டால் உடனே வாருங்கள்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

மச்சமும் கால் ஆணியும்

தமிழில் அதிர்ஷ்டசாலியை "மச்சக்காரன்" என்பார்கள். எந்த இடத்தில் மச்சம் இருந்தால் என்ன பலன் என்று சொல்ல ஒரு சாஸ்திரமே இருக்கிறது. உள்ளங்காலில் மச்சம் இருந்தால் ஊர் ஊராகச் சுற்றுவார்களாம்! மருத்துவம் சொல்வது வேறு. பிறவியிலிருந்தே மாறாமல் இருக்கும் மச்சத்தைப் பற்றிக் கவலை இல்லை. நடு வயதுக்கு மேல் உள்ளங்காலில் புதிதாகத் தோன்றி வளரும் கறுப்புப் புள்ளிதான் ஆபத்தானது.

இந்தியர்களுக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் பாதத்திலும் உள்ளங்கையிலும் நகத்தின் அடியிலும்தான் வருகிறது. இந்த வகைக்கும் வெயிலுக்கும் பெரிய தொடர்பு இல்லை. உலகப் புகழ்பெற்ற ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு 1977-ல் கால் விரல் நகத்தின் அடியில் கண்டுபிடிக்கப்பட்டது இதுதான். கால்பந்து ஆடும்போது பட்ட அடி என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1981-ல் அவர் இறந்தபோது வயது 36.

கிராமங்களில் இது "கால் ஆணி" என்று தவறாக எண்ணப்படுகிறது. முள் குத்திய இடம், கல் குத்திய இடம் என்று ஏதாவது ஒரு காரணமும் கிடைத்துவிடும். பிறகு பிளேடால் செதுக்குவது, எருக்கம்பால் விடுவது, கடையில் கார்ன் கேப் வாங்கி ஒட்டுவது என்று மாதங்கள் ஓடிவிடும். மருவையும் மச்சத்தையும் எடுக்கிறேன் என்று சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைத்துச் சுட்டுவிடுபவர்களும் இருக்கிறார்கள். மேலே தெரிவது போய்விடும். உள்ளே இருப்பது வளரும். எல்லாவற்றையும்விட, பரிசோதனை செய்து பார்க்கவும் எதுவும் மிஞ்சாது.

மச்சத்தில் கவனிக்க வேண்டியவை ஐந்து. ஒரு பாதி மறு பாதியைப் போல இல்லாமல் இருப்பது, ஓரம் கோணல்மாணலாக இருப்பது, ஒரே மச்சத்தில் பல நிறம் இருப்பது, 6 மில்லிமீட்டருக்கு மேல் இருப்பது, நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருப்பது. இவற்றோடு இரண்டு சேர்த்துக்கொள்ள வேண்டும். நகத்தில் புதிதாக ஒரு கறுப்புக் கோடு தோன்றி அகலமாகிக்கொண்டே போவது. அந்தக் கறுப்பு நகத்தைச் சுற்றியுள்ள தோலிலும் படர்வது.

படர்தாமரை என்று நினைத்து ஆண்டுக் கணக்கில் களிம்பு தடவும் ஒற்றைத் திட்டு ஒன்றும் இந்தப் பட்டியலில் சேர வேண்டியது. செதிள் செல் புற்றுநோயின் ஆரம்ப நிலை சில நேரம் சிவந்த, செதில் உதிரும் திட்டாகவே இருக்கும். எந்தக் களிம்புக்கும் அசையாத திட்டு என்றால் களிம்பை மாற்றிப் பயனில்லை. தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சிமெண்ட் தூசி காரணமா?

அரியலூரில் யாரிடம் பேசினாலும் இந்தக் கேள்வி வந்தே தீரும். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் நிறைந்த மாவட்டம் அல்லவா? ஈர சிமெண்ட் கடுமையான காரத்தன்மை கொண்டது. வெறுங்கையால் கலவை அள்ளினால் தோல் வெந்து புண்ணாகும். அதில் உள்ள குரோமியம் கொத்தனார்களுக்கும் சித்தாள்களுக்கும் தீராத அரிப்பையும் வெடிப்பையும் உண்டாக்குகிறது. ஐரோப்பிய நாடுகளில் 2005 முதல் சிமெண்டில் கரையும் குரோமியத்தின் அளவுக்குச் சட்டப்படி உச்சவரம்பு வைத்திருப்பதற்கு இந்தத் தோல் ஒவ்வாமைதான் காரணம். ஆனால் இந்த அரிப்பு புற்றுநோய் அல்ல. தூசியால் நுரையீரலுக்கு வரும் கேடு தனியே பேச வேண்டிய பெரிய விஷயம்; தோல் புற்றுநோயை அதன் தலையில் கட்டுவதற்கு ஆதாரம் போதாது. கையுறையும் காலுறையும் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை.

தொழிலால் வரும் தோல் புற்றுநோய் என்றால் முதலில் சொல்ல வேண்டியது கரியும் தாரும் எண்ணெயும்தான். லண்டனில் புகைபோக்கி சுத்தம் செய்த சிறுவர்களுக்குப் பிற்காலத்தில் வந்த புற்றுநோய்க்குக் கரிப்புகையே காரணம் என்று பெர்சிவல் பாட் என்னும் மருத்துவர் 1775-ல் எழுதினார். திருச்சி - சென்னை நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிப் பட்டறைகளில் வேலை செய்யும் இளைஞர்கள் பழைய என்ஜின் ஆயிலில் நனைந்த துணியோடு நாள் முழுக்க இருப்பதைப் பார்க்கலாம். மாற்று உடையும் சோப்பும் அவர்களுக்குச் சன்ஸ்கிரீனைவிட முக்கியம்.

வெயிலுக்குப் பயப்பட வேண்டியவர்கள்

சன்ஸ்கிரீனே வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. அது கட்டாயம் தேவைப்படும் சிலர் இங்கேயும் இருக்கிறார்கள். பிறவியிலேயே தோலும் முடியும் வெளுத்திருக்கும் அல்பினிசம் உள்ளவர்கள் முதலில் வருகிறார்கள். அவர்களிடம் மெலனின் குடை இல்லை. இளம் வயதிலேயே தோல் புற்றுநோய் வரும் ஆபத்து அவர்களுக்கு உண்டு. ஊரில் கேலிக்கு ஆளாகும் இவர்களுக்கு முழுக்கைச் சட்டை, அகலமான தொப்பி, சன்ஸ்கிரீன் ஆகியவை அலங்காரம் அல்ல, மருந்து. (வெண்புள்ளி வேறு, இது வேறு. வெண்புள்ளி தொற்று நோயும் அல்ல, புற்றுநோயும் அல்ல.)

அடுத்து, வெயில் பட்டவுடன் தோல் வெந்து புள்ளி புள்ளியாகும் ஒரு அரிய மரபு நோயோடு பிறக்கும் குழந்தைகள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் இந்த நோய் தோன்றும். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் திருமணம் செய்யும்போது அதற்கான வாய்ப்பு கூடுகிறது. மூன்றாவதாக, மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரைகள் சாப்பிடுபவர்கள்.

மற்றவர்களுக்கு? தலையில் துண்டு, முழுக்கைச் சட்டை, உச்சி வெயிலில் ஓய்வு. காட்டு வேலைக்குப் போகும் பெண்கள் புடவை மேல் ஆண்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொள்வது எந்த நிறுவனமும் விற்காத நல்ல சன்ஸ்கிரீன்.

கத்தி பட்டால் பரவுமா?

தமிழ்நாட்டில் புற்றுநோயாளிகளைக் கொன்ற வாக்கியங்களில் முதலிடம் "கத்தி பட்டால் பரவிவிடும்" என்பதற்குத்தான் கொடுக்க வேண்டும். படித்தவர்களும் இதை நம்புகிறார்கள். பயாப்சி எனப்படும் சதைப் பரிசோதனைக்குச் சம்மதிக்காமல் வீட்டுக்கு ஓடுகிறவர்கள், ஆறு மாதம் கழித்துப் பரவிய நிலையில் திரும்பி வருகிறார்கள். "அப்போதே கத்தி வைக்கப் பார்த்தார்கள், அதனால்தான்" என்று ஊர் பேசுகிறது. உண்மையில் பரவியது அந்த ஆறு மாதத்தில்.

பயாப்சி என்பது மரத்துப் போகும் ஊசி போட்டுத் துளி சதையை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. அதைச் செய்யாமல் எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

சிகிச்சையில் முதன்மையானது அறுவைதான். கட்டியைச் சுற்றிலும் கொஞ்சம் நல்ல தோலையும் சேர்த்து வெட்டி எடுப்பார்கள். தேவைப்பட்டால் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவார்கள். அடிச்செல் வகையிலும் ஆரம்ப நிலைச் செதிள் செல் வகையிலும் பெரும்பாலோருக்கு இதோடு நோய் குணமாகிவிடும். அறுவை செய்ய முடியாத இடங்களில் கதிர்வீச்சு கொடுப்பார்கள். மெலனோமாவில் எல்லாமே ஆழத்தைப் பொறுத்தது. ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும்போதே எடுத்துவிட்டால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்தாண்டுகளைத் தாண்டுகிறார்கள் என்பது மேலை நாடுகளின் அனுபவம்.

பரவிய மெலனோமாவுக்கு ஒரு காலத்தில் பெரிதாக எதுவும் செய்ய முடியாமல் இருந்தது. 2011-க்குப் பிறகு வந்த மருந்துகள் உடலின் எதிர்ப்பு சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டிவிடுகின்றன. இதற்கு அடிப்படை அமைத்த ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அவற்றின் விலை ஒரு விவசாயக் கூலிக் குடும்பத்தால் கனவிலும் நினைக்க முடியாதது. எனவே இவர்களுக்கு உண்மையான அதிநவீன சிகிச்சை, சீக்கிரம் வந்து காட்டுவதுதான்.

தாமதத்தின் வட்டி

இதை ஒரு கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்து ஏறி மருத்துவமனைக்குப் போய்ப் புண்ணைக் காட்டுவது அசல். அந்தச் செலவைத் தள்ளிப் போடுகிறவருக்கு மீதமாவது ஒரு நாள் கூலி. ஆனால் கந்து வட்டி போலத் தாமதத்துக்கும் வட்டி ஏறிக்கொண்டே போகிறது. முதல் மாதம் சிறு அறுவையோடு முடிந்திருக்கும். ஆறாம் மாதம் தோல் ஒட்டு வேண்டும். ஒரு வருடம் கழித்து நெறிகளையும் எடுக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்துக் காலையே எடுக்க வேண்டியிருக்கும். காலை இழந்தவரால் களை எடுக்க முடியாது, சித்தாள் வேலைக்குப் போக முடியாது. அவரைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வேலையை விட வேண்டும். மருத்துவக் காப்பீடு அறுவைச் செலவை ஏற்கலாம். போன கூலியை யார் ஏற்பார்கள்?

அரிதான நோய்க்கு இவ்வளவு தேவையா, சர்க்கரையும் இதயநோயும் வாய்ப் புற்றுநோயும் இருக்கும்போது அரசு இதற்கெல்லாம் பணம் ஒதுக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். தனித் திட்டம் வேண்டாம், தனிப் பணமும் வேண்டாம் என்பதுதான் அதற்குப் பதில். ஏற்கெனவே நடப்பதில் ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும்.

2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் தன்னார்வலப் பெண்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தார்கள். சர்க்கரை நோயாளிகளின் கால்களைக் காக்க "பாதம் பாதுகாப்போம்" என்ற திட்டமும் தமிழ்நாட்டில் வந்தது. வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்குப் பரிசோதனைகள் நடக்கின்றன. வீட்டு வாசலுக்கே வந்து காலைப் பார்க்கும் ஒருவர், "ஆறு வாரத்துக்கு மேல் ஆறாத புண் உடம்பில் எங்கேயாவது இருக்கிறதா?" என்று கேட்க எத்தனை நொடி ஆகும்?

பயாப்சி பார்க்க ஊரை விட்டுப் போக வேண்டும் என்ற சாக்கும் குறைந்துவிட்டது. 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் அரியலூரும் ஒன்று. மருத்துவக் கல்லூரி என்றால் சதையைப் பரிசோதிக்கும் நோய்க்குறியியல் துறை இருந்தே ஆக வேண்டும். பெரம்பலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. மேல்சிகிச்சைக்குத் திருச்சியும் தஞ்சாவூரும் சில மணி நேரப் பயணத்துக்குள்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு இங்கிருந்து நோயாளிகள் இரவுப் பேருந்து ஏறிய காலம் உண்டு. அங்கே போய்ச் சேரும்போது நோய் முற்றியிருந்ததற்குத் தூரத்தைக் காரணம் சொல்ல முடிந்தது. இன்று அந்தக் காரணம் செல்லாது.

என்ன செய்யலாம்?

1. ஆறு வாரத்தில் ஆறாத எந்தப் புண்ணையும், பழைய தழும்பில் புதிதாக வந்த எந்தப் புண்ணையும் அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும். மாதக் கணக்கில் கட்டுப் போடுவது மட்டும் சிகிச்சை ஆகாது, "பயாப்சி எடுக்க வேண்டுமா?" என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு.

2. மாதம் ஒரு முறை குளித்து முடித்ததும் உள்ளங்கால், விரல் இடுக்கு, நகம், இடுப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். குனிய முடியாத பெரியவர்களுக்குப் பேரப் பிள்ளைகள் பார்க்கலாம்.

3. கால் ஆணியையும் மருவையும் மச்சத்தையும் பிளேடு, அமிலம், சுண்ணாம்பு கொண்டு வீட்டில் எடுக்கக் கூடாது.

4. தீக்காயம் பட்டால் உடனே 20 நிமிடமாவது குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும். இங்க், பற்பசை, மாவு எதுவும் வேண்டாம். மூட்டின் மேல் பட்ட ஆழமான காயத்துக்குத் தோல் ஒட்டு வேண்டுமா என்று கேட்க வேண்டும்.

5. காட்டுக்குப் போகும்போது செருப்பு. பாவாடை நாடாவுக்கும் அரைஞாண் கயிற்றுக்கும் ஒரு விரல் இடைவெளி.

6. அல்பினிசம் உள்ள குழந்தைகள் வகுப்பில் இருந்தால், வெயிலில் நிற்கும் பிரேயரிலிருந்தும் விளையாட்டு நேரத்திலிருந்தும் ஆசிரியர்கள் அவர்களுக்கு விலக்கு அளிக்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் லட்சங்கள் தேவையில்லை. சன்ஸ்கிரீன் விளம்பரத்துக்கு நட்சத்திரங்கள் வருவார்கள், ஏனென்றால் அதில் விற்பனை இருக்கிறது. "ஆறாத புண்ணைக் காட்டுங்கள்" என்று சொல்வதில் யாருக்கும் லாபம் இல்லை. அதனால் அதற்கு விளம்பரமும் இல்லை. விளம்பரம் இல்லாத அந்தச் செய்தியை எழுதப் படிக்கத் தெரிந்த ஒவ்வொருவரும் தன் வீட்டில் உள்ள ஒரு பெரியவருக்குச் சொல்லிவிட்டு, அவருடைய உள்ளங்காலையும் ஒரு முறை பார்த்துவிட்டால், காப்பாற்றப்படப் போவது ஒரு காலாகவும் இருக்கலாம், ஒரு உயிராகவும் இருக்கலாம்.